தெரு அடைப்பும் மே மாத வோட்டும்

கேள்வி: ஐயா, நான் வடமேற்கு லண்டனில் ஒரு மெயின் ரோட்டில், கடைக்கு மேலே உள்ள ஃபிளாட்டில் குடியிருக்கிறேன். போன நவம்பர் கடைசியில் எங்களுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களை 'எல்டிஎன்' (வண்டிகள் குறுக்கே புகுந்து போகாத குடியிருப்புப் பகுதி) என்று சொல்லி கவுன்சில் அடைத்துவிட்டது. இரண்டு முனையில் கேமரா, ஒரு முனையில் பெரிய பூந்தொட்டி. என் அண்ணன் வீடு அந்தத் தெருக்களுக்கு உள்ளே இருக்கிறது. அம்மா அவர்களோடுதான். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். முன்பு பத்து நிமிடம், இப்போது சுற்றிப் போக இருபத்தைந்து நிமிடம். இரண்டு தடவை அபராதமும் கட்டிவிட்டேன். அண்ணியோ, "இப்போதுதான் பிள்ளைகள் வாசலில் சைக்கிள் ஓட்டுகிறார்கள்" என்கிறார். என் வீட்டில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பொங்கலன்று இதைப் பேசப்போய் பெரிய சண்டையாகி, இப்போது சரியாகப் பேசுவதில்லை. மே மாதம் கவுன்சில் தேர்தல். ஒரு வேட்பாளர் வந்து, "ஜெயித்த முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம்" என்றார். இன்னொருவர், "இது பிள்ளைகளின் உயிர் விஷயம், கை வைக்க மாட்டோம்" என்றார். யாருக்கு வோட்டுப் போடுவது? எனக்கு நிரந்தர வதிவிடம் இருக்கிறது, ஆனால் பாஸ்போர்ட் இன்னும் இலங்கையுடையதுதான். அதனால் எனக்கு வோட்டே கிடையாது என்கிறார் கணவர். அப்படியானால் நான் என்னதான் செய்வது?

— வாசகி, வடமேற்கு லண்டன்

பதில்: முதலில் கடைசிக் கேள்வி, ஏனென்றால் அதற்கு நாள் கணக்கு இருக்கிறது. உங்களுக்கு வோட்டு உண்டு. பிரிட்டனில் முறைப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே கவுன்சில் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இலங்கையும் இந்தியாவும் காமன்வெல்த் நாடுகள்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல வருடம் இங்கே வரி கட்டியும் இது தெரியாமலே இருந்துவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். மே 7ஆம் தேதி தேர்தல் என்றால் ஏப்ரல் 20 நள்ளிரவுக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய வேண்டும். ஆன்லைனில் சில நிமிட வேலை. சாவடிக்குப் போகும்போது படம் உள்ள அடையாள அட்டை வேண்டும், 2023 முதல் இங்கிலாந்தின் கவுன்சில் தேர்தல்களுக்கும் அது கட்டாயம். உங்கள் இலங்கை பாஸ்போர்ட்டே போதும். காலாவதியாகியிருந்தாலும் படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் ஏற்றுக்கொள்வார்கள். அம்மாவின் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். டயாலிசிஸ் நாளில் சாவடிக்குப் போவது சிரமம் என்பதால் அவருக்குத் தபால் வோட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

சரி, இப்போது அடைப்பு விஷயத்துக்கு வருவோம்.

நான் கவுன்சில்களுக்குப் போக்குவரத்துத் திட்டம் போடும் வேலையில் இருப்பவன். இப்படிப்பட்ட அடைப்புகளை வரைந்தும் இருக்கிறேன், எடுக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறேன். அதனால் இதைச் சொல்கிறேன்: நீங்கள் வோட்டை மட்டும் நம்பிக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். தெருவில் நிற்கும் ஒரு பூந்தொட்டியை நகர்த்துவதற்கு வோட்டை விடப் பலமான ஒரு வழி உங்கள் கையில் இருக்கிறது. அதற்கும் கெடு மே மாதம்தான், வோட்டுக்குப் பிறகு சில வாரத்தில்.

உங்கள் தெருவில் வந்திருப்பது பெரும்பாலும் 'பரீட்சார்த்த ஆணை'யாக இருக்கும். லண்டனில் இந்தத் திட்டங்கள் பலவும் அப்படித்தான் தொடங்கின. 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. முன்கூட்டியே எல்லோரிடமும் கேட்காமல் தொடங்கலாம், ஆனால் 18 மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது. அதில் முதல் ஆறு மாதம்தான் ஆட்சேபம் சொல்லும் காலம். நவம்பர் கடைசியில் தொடங்கியதென்றால் மே கடைசியில் அது முடிகிறது. (நடுவில் திட்டத்தில் ஏதாவது மாற்றினார்களானால், மாற்றிய நாளிலிருந்து மறுபடி ஆறு மாதம்.) இந்தக் காலத்துக்குள் எழுத்தில், காரணத்தோடு வரும் ஒவ்வொரு ஆட்சேபத்தையும் படித்துப் பார்த்த பிறகுதான் திட்டத்தை நிரந்தரமாக்க முடியும். பொங்கலன்று அண்ணன் வீட்டில் நீங்கள் சொன்னது எதுவும் கவுன்சிலின் கோப்பில் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் எழுதியதும் இல்லை. மன்னிக்கவும், வாசலில் வந்த வேட்பாளரிடம் கொட்டியதும் இல்லை.

எழுதி அனுப்பியதற்கு என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். 2025 மே மாதம் லண்டன் உயர்நீதிமன்றம், லாம்பெத் கவுன்சில் மேற்கு டல்விச்சில் போட்ட எல்டிஎன்னைச் சட்டவிரோதம் என்று சொன்னது. அங்கே குடியிருப்பவர்கள் ஐம்பது பக்கத்துக்கு மேல் ஒரு ஆவணம் தயாரித்துக் கொடுத்திருந்தார்கள். முடிவெடுக்கும்போது கவுன்சில் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வழக்கு ஜெயித்தது அந்த இடத்தில்தான். எல்டிஎன் நல்லதா கெட்டதா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை. நீங்கள் ஐம்பது பக்கம் எழுத வேண்டாம், இரண்டு பக்கம் போதும். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம் இருக்க வேண்டும்.

"இந்தத் திட்டம் அநியாயம்" என்று ஆயிரம் பேர் எழுதினாலும் அதிகாரியின் அட்டவணையில் அது ஒரே வரியாகத்தான் போய்ச் சேரும். நீங்கள் இப்படி எழுதுங்கள்: உங்கள் ஜன்னலிலிருந்து மெயின் ரோட்டுச் சந்தி தெரியுமானால், பள்ளிக்கூடம் நடக்கும் வாரத்தில், செவ்வாய், புதன், வியாழனில் காலை எட்டு முதல் ஒன்பது வரை பாருங்கள். திங்களும் வெள்ளியும் வேண்டாம், வழக்கத்துக்கு மாறாக இருக்கும் என்று நாங்களே அவற்றைத் தவிர்ப்போம். ஒரு பஸ் முதல் நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போக எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று குறியுங்கள். சிக்னல் ஒருமுறை பச்சையாகும்போது எத்தனை வண்டி தாண்டுகிறது, எத்தனை மிஞ்சுகிறது என்று எழுதுங்கள். ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு நின்றால் நேரத்தோடு எழுதுங்கள். தேதி போட்ட இரண்டு மூன்று படம் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான்.

அடுத்து, கவுன்சிலிடம் கணக்குக் கேளுங்கள். ரோட்டுக்குக் குறுக்கே மெல்லிய கறுப்பு ரப்பர் குழாய் இரண்டு போட்டு, நடைபாதை ஓரக் கம்பத்தில் ஒரு பெட்டியைச் சங்கிலியால் கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிகளை எண்ணும் கருவி அது. உங்கள் மெயின் ரோட்டில் அது எங்கே, எந்தெந்த வாரம் போடப்பட்டது, திட்டத்துக்கு முந்தைய எண்ணிக்கை எந்த ஆண்டுடையது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். முந்தைய எண்ணிக்கை 2020இல், கோவிட் காலத்தில் எடுத்ததானால் ஒப்பீடே சரியில்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் வண்டிகளை இந்த ரப்பர் குழாய் சரியாக எண்ணாது, குறைத்துக் காட்டும். ஆகவே நாள் முழுக்க நகராமல் நிற்கும் ரோட்டில் "வண்டி கூடவில்லை" என்று அறிக்கை வரலாம். அப்படி வந்தால், உங்கள் பஸ் நேரக் குறிப்புதான் அதற்குப் பதில். காற்றுக்கும் இப்படி ஒன்று இருக்கிறது: விளக்குக் கம்பத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் தொங்கும், மாதாமாதம் மாற்றுவார்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு அளக்க. ஆண்டு சராசரி ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இங்கே சட்ட வரம்பு. உங்கள் வீட்டுக்கு அருகே குழாய் இல்லையென்றால், வைக்கச் சொல்லி எழுதுங்கள். ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்ற உங்கள் ஒரு வரியை விட அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

அண்ணியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், அவர் சொல்வது பொய்யில்லை. 2020இல் லண்டனில் வந்த இந்தத் திட்டங்களை ஆராய்ந்தவர்கள், அடைத்த தெருக்களுக்குள் விபத்துக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைக் கண்டார்கள். சுற்றியுள்ள எல்லை ரோடுகளில் காயங்கள் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வண்டி எண்ணிக்கையும் எல்லை ரோடுகளில் சராசரியாகப் பெரிதாக மாறவில்லை என்றே லண்டன் ஆய்வு ஒன்று சொன்னது. ஆனால் 'சராசரி' என்ற இடத்தில்தான் உங்கள் வீடு இருக்கிறது. சில எல்லை ரோடுகளில் குறைந்தது, சிலவற்றில் கூடியது, கூட்டிக் கழித்தால் சமம். கூடிய ரோட்டில் இருப்பவருக்குச் சராசரி ஒரு ஆறுதலும் தராது. அந்த ரோடுகளில் கடைக்கு மேலே வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றிய பேச்சு, எங்கள் துறை எழுதும் அறிக்கைகளில் பெரும்பாலும் பின்னிணைப்பில்தான் வரும். இது எனக்கு வெகுகாலமாக இருக்கும் கோபம். அதற்காக மொபைலில் வழி பார்த்து ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பிள்ளைகள் விளையாடும் தெருவுக்குள் புகுந்து போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ரோட்டுக்கு மருந்து உங்கள் ரோட்டிலேயே கிடைக்கலாம். சிக்னல் நேரம், வலது பக்கம் திரும்பும் இடம், கடைக்குச் சாமான் இறக்கும் வேன் நிற்கும் நேரம், பஸ் லேன், இவற்றில் ஒன்றைச் சரி செய்தாலே வரிசை குறையக்கூடும். லண்டனில் எல்லாச் சிக்னலையும் இயக்குவது டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன், கவுன்சில் இல்லை. உங்கள் ரோட்டில் ஓரமாகச் சிவப்புக் கோடு இருந்தால் அந்த ரோடே பெரும்பாலும் அவர்களுடையது. அப்படியானால் கவுன்சிலர் தானாக ஒன்றும் மாற்ற முடியாது, அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.

அம்மா விஷயத்தை ஆட்சேபக் கடிதத்தில் தனிப் பத்தியாக எழுதுங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, முடிவெடுக்கும்போது உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்கு என்ன பாதிப்பு என்று கவுன்சில் உண்மையாகவே யோசித்திருக்க வேண்டும். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் பதினைந்து நிமிடம், சிகிச்சை முடிந்து களைத்துப்போய்த் திரும்பும்போது என்று எழுதினால் அதைத் தாண்டிப் போவது கடினம். ஆனால் தீர்ப்பு வரும்வரை அம்மா காரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு நீல பேட்ஜ் (நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்குக் கவுன்சில் தரும் வண்டி நிறுத்தும் அனுமதி அட்டை) இருக்கிறதா? இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். பேட்ஜ் ஆளுக்கு உரியது, காருக்கு அல்ல. அதனால் அவர் உங்கள் காரில் வந்தாலும் செல்லும். பல கவுன்சில்கள், எல்டிஎன்னுக்குள் இருக்கும் பேட்ஜ்காரர் ஒருவர் ஒரு வண்டி எண்ணைப் பதிந்துகொண்டால் கேமரா முனை வழியாகப் போக விடுகின்றன. உங்கள் கவுன்சிலில் உறவினர் காரைப் பதியலாமா என்று கேளுங்கள். பூந்தொட்டி முனையில் மட்டும் யாரும் போக முடியாது. அந்த ஒரு முனையைக் கேமராவாக மாற்றக் கேட்பதே உங்கள் ஆட்சேபத்தின் முக்கியக் கோரிக்கையாக இருக்கலாம். திட்டம் முழுவதையும் எடு என்பதை விட இது எளிதாக நடக்கும். டயாலிசிஸுக்குப் போகிறவர்களுக்கு என்எச்எஸ் போக்குவரத்து உதவியும் உண்டு. யூனிட்டில் இருக்கும் நர்ஸிடம் கேட்டாலே வழி சொல்வார்.

அபராதத்தைப் பற்றி இரண்டு வரி. அறிவிப்புப் பலகை மரக்கிளையில் மறைந்திருந்தது, திரும்பவே இடமில்லாத இடத்தில் வைத்திருந்தது என்றால் எதிர்வாதம் செய்யலாம். சிவப்பு வட்டத்துக்குள் காருக்கு மேல் மோட்டார் சைக்கிள் பறப்பது போன்ற பலகை அது. "திட்டமே தப்பு" என்ற வாதம் தீர்ப்பாயத்தில் எடுபடாது. ஏற்கெனவே கட்டிவிட்டதால் அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.

இப்போது வேட்பாளர்கள். "முதல் நாளே எடுத்துவிடுவோம்" என்பவரிடம், "எந்த ஆணையின் கீழ்?" என்று கேளுங்கள். பரீட்சார்த்த ஆணையென்றால் வேகமாக நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. நிரந்தரமாகிவிட்டதென்றால் எடுப்பதற்கும் ஒரு புதிய ஆணை, அறிவிப்பு, ஆட்சேபத்துக்கு 21 நாள் எல்லாம் வேண்டும். கிழக்கு லண்டனில் இருக்கும் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலைப் பாருங்கள். 2022 மே தேர்தலில் லுத்ஃபுர் ரஹ்மான் தெருக்களைத் திறப்பேன் என்று சொல்லி மேயரானார். பெத்னல் கிரீன் பகுதி அடைப்புகளை எடுக்கும் முடிவு 2023 செப்டம்பரில்தான் வந்தது. பிறகு அதை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். இன்னொரு பக்கம் ஹாரோவில் 2021லும், ஈலிங்கில் அதே ஆண்டிலும் பெரும்பாலான திட்டங்களை எடுத்தார்கள். அப்போது கவுன்சில் தேர்தலே நடக்கவில்லை, ஆளும் கட்சியும் மாறவில்லை. குடியிருப்பவர்களிடம் கருத்துக் கேட்டார்கள், வந்த பதிலைப் பார்த்தார்கள், எடுத்தார்கள். ஈலிங்கில் ஆதரவு இருந்த இரண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆட்சியை மாற்றிக் காட்டிய இடத்தை விட எழுதிக் காட்டிய இடத்தில் வேலை சீக்கிரம் நடந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

"கை வைக்க மாட்டோம்" என்பவரிடம் வேறு கேள்வி: "மெயின் ரோட்டில் இருக்கும் எங்களுக்கு இந்த நாலு வருடத்தில் என்ன செய்வீர்கள்?" பதிலில் ஒரு சந்தியின் பெயர், ஒரு பஸ் எண், ஒரு தேதி ஏதாவது வருகிறதா பாருங்கள். வெறும் 'கவனத்தில் எடுப்போம்' என்றால் அவருக்கு உங்கள் ரோடு தெரியாது என்று அர்த்தம். சிலர், "நான் இப்போது கருத்துச் சொல்லக் கூடாது, முன்முடிவு ஆகிவிடும்" என்று நழுவுவார்கள். 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், ஒரு கவுன்சிலர் முன்பே கருத்துச் சொன்னார் என்பதற்காக மட்டும் அவர் மனதை மூடிக்கொண்டவர் என்று கருதக் கூடாது என்கிறது. தைரியமாகக் கேளுங்கள்.

யாருக்குப் போடுவது என்று நான் சொல்லப் போவதில்லை, அது உங்கள் உரிமை. ஆனால் ஒன்று: லண்டனில் அனேக வார்டுகளில் இரண்டு அல்லது மூன்று கவுன்சிலர் இடம். எத்தனை இடமோ அத்தனை வோட்டு உங்களுக்கு உண்டு. எல்லாவற்றையும் ஒரே கட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்றில்லை. உங்கள் ரோட்டைப் பற்றி ஒழுங்காகப் பதில் சொன்ன ஒருவருக்கு ஒன்று, குப்பை, வாடகை வீடு, நூலகம் என்று மற்ற விஷயங்களில் நம்பிக்கை தரும் ஒருவருக்கு ஒன்று என்று பிரித்துப் போடலாம். கவுன்சில் என்பது ஒரு கேமரா மட்டும் இல்லை. அம்மாவுக்கு வீட்டில் பராமரிப்பு உதவி தேவைப்பட்டால் அதற்கும் இதே கவுன்சிலிடம்தான் போக வேண்டும். எந்தக் கட்சி வந்தாலும் உங்கள் வார்டில் ஜெயித்தவர்கள் எல்லோரும் உங்களுக்குக் கவுன்சிலர்கள்தான். அவர்களைச் சந்திக்கும் நாளில் போய் உங்கள் இரண்டு பக்கத்தைக் கையில் கொடுங்கள். கவுன்சிலின் அமைச்சரவை முடிவெடுத்துவிட்டாலும் அதை ஆய்வுக் குழுவுக்குத் திருப்பி அழைக்கும் உரிமை கவுன்சிலர்களுக்கு இருக்கிறது. அதற்கு அவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மார்ச் கடைசியிலிருந்து தேர்தல் முடியும்வரை கவுன்சில் புதிய அறிவிப்பு எதையும் பெரிதாக வெளியிடாது, அதிகாரிகளும் அடக்கி வாசிப்பார்கள். அது வழக்கம். பதில் தாமதமாகிறது என்று சோர்ந்துபோய் விட்டுவிடாதீர்கள், ஆட்சேபக் கெடு அதற்காக நீளாது. தேர்தல் முடிவு வந்த பிறகு எழுதலாம் என்றும் இருக்காதீர்கள். ஏப்ரலுக்குள் அனுப்பி, கிடைத்ததென்று பதில் மின்னஞ்சல் வாங்கி வையுங்கள்.

அப்புறம் அண்ணன் வீடு. அண்ணியிடம் போய் யார் சரி என்று பேச வேண்டாம். இரண்டு பேரும் உங்கள் உங்கள் ஜன்னலிலிருந்து கண்டதைச் சொல்கிறீர்கள். பூந்தொட்டி முனையைக் கேமராவாக மாற்றி, பேட்ஜ் வண்டிக்கு வழி விட வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் அவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் சைக்கிளுக்கு அதனால் ஒன்றும் குறையாது, அவர் மாமியாருக்கு நேரம் மிச்சம். அவரும் கையெழுத்துப் போட்டால், உள்ளே இருக்கும் ஆதரவாளரும் வெளியே இருக்கும் எதிர்ப்பாளரும் சேர்ந்து கேட்ட மாற்றமாக அது கோப்பில் ஏறும். நான் பார்த்த கோப்புகளில் அப்படிப்பட்ட கடிதம் மிகவும் அரிது. வந்தால் அதை யாரும் ஒதுக்கி வைப்பதில்லை. கடிதத்தை எழுதி முடித்ததும், விரும்பினால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.